நாரை விமானமும் திம்மராயன் வீட்டு மாடியும்

நாரை விமானத்தின் வளர்ச்சி வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லாரும் அதன் இறக்கையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். வழவழப்பான தாளில் வாரியமே ஒரு புத்தகம் போட்டிருக்கிறது, அதிலும் அப்படித்தான். நான் எதிர்வீட்டுக்காரன். எனக்கு இறக்கை தெரியாது, திம்மராயன் வீட்டு மொட்டைமாடி தெரியும். ஆகவே அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த விமானத்தை முன்னிட்டு இத்தனை வருஷத்தில் ஏறியதும் இறங்கியதும் அந்த மொட்டைமாடியில் மட்டும்தான்.

மத்திகிரியைத் தாண்டினால் நீளமான காம்பவுண்டுச் சுவர் ஒன்று வரும். அதற்குள்ளே இருப்பது வட்டார வானூர்தி வளர்ச்சி வாரியம். இத்தனை வானா எங்கள் வாயில் நுழையாததால் ஊரில் அதை வவ்வால் ஆபீஸ் என்போம். வவ்வாலாவது பறக்கும் என்று டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர் டிக்கெட் கிழித்துக்கொண்டே சொன்னார். அது வாரியத்தின் காதுக்குப் போய், பஸ் நிறுத்தத்தின் பெயரை மாற்ற ஒரு குழு போட்டார்கள். குழு இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது.

வாரியத்தின் வேலை இதுதான்: பெரிய ஜெட் விமானம் எட்டிப் பார்க்காத சின்ன ஊர்களுக்குப் போய் வரும்படி, இறக்கையில் காற்றாடி வைத்த விமானம் ஒன்றை நம் நாட்டிலேயே உருவாக்குவது. டர்போபிராப் என்பார்கள். அதற்கு நாரை என்று பெயர் வைத்தார்கள். பெயர்சூட்டு விழாவுக்கு எங்கள் தெரு முழுக்க லட்டு வந்தது. நல்ல லட்டு, குறை சொல்ல முடியாது.

முதலில் நாரைக்குப் பத்தொன்பது சீட்டு. அடுத்து வந்த தலைவர், பத்தொன்பது பேர் போவதற்கு வேன் போதாதா என்று கேட்டு முப்பது ஆக்கினார். அவருக்கு அடுத்தவர் முப்பதை ஐம்பது ஆக்கினார். டில்லியில் ஒரு மாநாட்டில் யாரோ கைதட்டியதால் அது எழுபது ஆனது. நடுவில் ஒரு தலைவர், எல்லாருக்கும் ஜன்னல் சீட்டு வேண்டும் என்று மனம் இளகி மறுபடியும் பத்தொன்பதுக்குக் கொண்டுவந்தார். இப்போது இருப்பது தொண்ணூறு. ஒவ்வொரு தடவையும் பழைய படங்களைச் சுருட்டி வைத்துவிட்டுப் புதிய படங்கள் வரைந்தார்கள். படம் வைக்க இடம் போதாமல் விமானம் நிறுத்தக் கட்டிய கொட்டகையில் படங்களை வைத்தார்கள்.

இதற்கும் திம்மராயனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஓடுபாதை கிழக்கே போய் முடிகிற இடத்தில் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு. தெருவின் முதல் வீடு திம்மராயனுடையது. முட்டைக்கோசும் சாமந்தியும் போடுகிற மனுஷன். அதிர்ந்து பேசத் தெரியாது. எங்கள் பக்கத்தில் வீடு கட்டினால் மேலே பில்லர் கம்பியை நீட்டி விடாமல் யாரும் வேலையை முடிக்க மாட்டார்கள். நாளைக்கு வசதி வந்தால் மாடி எடுக்கலாமே என்றுதான். துருப்பிடிக்காமல் இருக்கக் கம்பியின் தலையில் காலித் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்திருப்பார்கள். கம்பி நீட்டாத வீட்டில் பெண் கொடுக்கவே யோசிப்பார்கள், முன்னுக்கு வர ஆசையில்லாத குடும்பம் போலிருக்கிறது என்று. திம்மராயனும் நீட்டியிருந்தார்.

அந்தக் கம்பிகள் நாரைக்கு இடைஞ்சல் என்று வாரியம் சொன்னது. சொல்ல வந்தவர் சிவராஜ். உயரக் கட்டுப்பாட்டு அலுவலர், ஆனேக்கல் பக்கத்துக்காரர். அளவு நாடாவைப் பிடித்துக் கம்பியை அளந்துவிட்டு, "ஸ்வல்ப பக்ஸி, சாக்கு" என்று கன்னடத்தில் சொல்லி, கொஞ்சம் வளைத்தால் போதும் என்று கையையும் வளைத்துக் காட்டினார். திம்மராயன் கம்பியை வளைத்தார்.

சீட்டு கூடினால் விமானம் கனக்கும். கனத்தால் மெதுவாகத்தான் மேலே ஏறும். மெதுவாக ஏறினால் கீழே இருக்கிற வீடு இன்னும் தாழ்ந்து இருக்க வேண்டும். இந்த விஞ்ஞானத்தை எங்கள் தெருவில் பால் ஊற்ற வருகிறவர்கூடச் சொல்லுவார். முப்பது சீட்டுக்குக் கம்பி இடுப்பளவு வளைந்தது. ஐம்பதுக்கு முழங்கால். எழுபதுக்குத் தளத்தோடு தளமாகப் படுத்தது. ஜன்னல் சீட்டுத் தலைவர் வந்தபோது சிவராஜ் ஓடிவந்து, "நிமித்திக்கலாம் பெரியவரே" என்றார். திம்மராயன் நிமிர்த்தினார். அடுத்த தலைவர் வந்ததும் மறுபடி படுக்க வைத்தார். பேப்பர் வாங்காத வீடுகளில்கூட, வாரியத்தில் தலைவர் மாறிய சமாசாரத்தை அந்தக் கம்பிகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

கம்பியோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஒருநாள் திம்மராயன் மனைவி ரங்கம்மா கொடியில் கிடந்த சேலையை எடுக்கப் போனபோது, சிவராஜ் மூச்சிரைக்கப் படியேறி வந்து தடுத்தார்.

"அம்மா, அதை எடுக்காதீங்க. ரீடிங் போயிட்டிருக்கு."

"என்னா போயிட்டிருக்குது?"

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்க எங்ககிட்ட ஒரு துணிப்பை இருந்துச்சும்மா. கிழிஞ்சிருச்சு. புதுசுக்கு டெண்டர் போட்டிருக்கோம். அதுவரைக்கும் டவர்ல இருந்து உங்க சேலையைத்தான் பாத்து எழுதறோம். நேத்து நீங்க நைட்டி போட்டுட்டீங்க, பூரா தப்பாயிருச்சு."

ரங்கம்மா கொடியிலிருந்து கையை எடுத்தாள். "என் துணிய எவன் பாக்கறான்?"

"சீனியர் சயின்டிஸ்ட்டும்மா."

"வூட்டுல அவனுக்குப் பொண்டாட்டி இல்லையா? அவ சேலையப் பாத்து எழுதச் சொல்லு."

ஆனாலும் அவள் இளகிய மனசுக்காரி. காலையில் மெல்லிய வாயில் சேலை ஒன்றைக் கொடியில் போட்டு, மத்தியானம்வரை தொடாமல் விட்டாள். அந்தக் காற்றுக் கணக்கை வைத்து வாரியத்தில் ஒருவர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி ஜெர்மனிக்கெல்லாம் போய் வாசித்துவிட்டு வந்தார். ரங்கம்மாவுக்கு அங்கிருந்து ஒரு சாக்லேட் வந்தது.

இப்படியே போயிருந்தால் நானும் இதை எழுதியிருக்க மாட்டேன். திம்மராயனின் ஒரே மகள் சுகுணாவுக்குக் கல்யாணமானது. மாப்பிள்ளை ஹரீஷ்குமார் தர்மபுரிக்காரர்; சிப்காட்டில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட். கம்பெனி பக்கம் என்பதால் மாமனார் வீட்டிலேயே தங்கினார். வீட்டில் இருப்பது ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. ரூமில் வெயில் இறங்கும் என்பதால் பகல் முழுக்க மாப்பிள்ளை ஹாலில்தான் தூங்குவார். அவர் தூங்கும்போது குக்கர் விசில் அடிக்கக் கூடாது. மிக்ஸி ஓடக் கூடாது. ரங்கம்மா ஒன்பது வருஷம் கழித்து அம்மிக்குத் திரும்பினாள். திம்மராயன் தும்மல் வந்தால் தெருவைத் தாண்டி என் வீட்டுக்கு வந்து தும்மிவிட்டுப் போவார்.

சுகுணா உண்டானாள். அப்போதுதான் மாப்பிள்ளை, கோபமில்லாமல், மரியாதையாகவே சொன்னார்.

"அத்தே, கொழந்தை பொறந்தா அழுவும். அது அழுதா நான் தூங்க முடியாது, நான் தூங்கலைன்னா மெஷின்ல கை போயிரும். அத்திப்பள்ளில ஒரு வூடு பாத்து வெச்சிருக்கறேன். மேல ஒரு ரூம்பு எடுத்தீங்கன்னா இங்கயே இருந்துக்கறோம். யுகாதி வரைக்கும் பாக்கலாம். தப்பா எடுத்துக்காதீங்க மாமா."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் ரங்கம்மாவுக்கு ஆற்றாமை. சண்டை போட்டிருந்தால் அவளும் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். பேரனோ பேத்தியோ, அத்திப்பள்ளியில் எவள் வீட்டுத் திண்ணையிலோ தவழப்போகிறது என்று என் மனைவியிடம் சொல்லி அழுதாள். திம்மராயன் அழவில்லை. மேலே போய் வளைந்து கிடந்த கம்பிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மறுவாரம் வாரியத்துக்குப் போனோம். துணைக்கு நானும் போனேன். இயக்குநர் டாக்டர் ஆனந்தராஜ் நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. எங்களை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். மேஜையில் மரப் பீடத்தின்மேல் ஒரு குட்டி நாரை இருந்தது. அதன் காற்றாடி மட்டும் ஏசிக் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது.

"சார், மேல ஒரு ரூம்பு எடுக்கணும்" என்றார் திம்மராயன். "இப்ப கட்டிக்கறேன் சார். உங்க விமானம் என்னிக்குப் பறக்குதோ அன்னிக்கு நானே இடிச்சுக்கறேன்."

இயக்குநருக்கு முகம் வாடிவிட்டது. "அப்படிப் பேசக் கூடாது பெரியவரே. பறக்கறதுதான் விமானம்னு ஜனங்க நெனச்சுக்கறாங்க. பறக்கறது விமானத்தோட ஒரு குணம், அவ்வளவுதான். விமானத்தைப் பத்தி யோசிக்கணும். யோசிக்கறதுக்கு ஆள் எடுக்கணும். அந்த ஆளுங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கட்டணும். குவார்ட்டர்ஸுக்குத் தண்ணி கொண்டாரணும். அவங்க பிள்ளைங்களுக்கு ஸ்கூல் வேணும். இதெல்லாம் சேந்துதான் விமானம். அதுல தொண்ணூறு சதவீதம் முடிச்சாச்சு."

"பாக்கி என்னாங்க சார்?"

"பாக்கி விமானம்தான்."

திம்மராயன் புரிந்ததுபோலத் தலையாட்டினார்.

"இன்னொண்ணும் சொல்றேன்" என்று இயக்குநர் எழுந்து நின்றுவிட்டார். மேடையில் பேசிப் பேசிப் பழகியவர். "வெளிநாட்டுக்காரன் எத்தனை விமானம் செஞ்சிருக்கான். எத்தனை விழுந்திருக்கு. நாரை இதுவரைக்கும் ஒரு தடவை விழுந்திருக்கா? ஒரு பயணிக்குச் சின்னக் கீறல்? ஒரு நாள் லேட்டா கிளம்பியிருக்கா? உலகத்துலயே பாதுகாப்பான விமானம் நம்ம மத்திகிரியில இருக்கு. அதுக்குக் குறுக்க நீங்க ஒரு ரூமைக் கட்டலாமா?"

மாடி எடுக்கத் தடையில்லை என்கிற என்.ஓ.சி. கிடைக்கவில்லை. தொண்ணூறு சீட்டுக் காலத்தில் மாடி என்ன, மாடிக்குப் போகிற படியே அதிகம் என்று சிவராஜ் வாசல்வரை வந்து வருத்தத்தோடு சொன்னார்.

ஆயுத பூஜைக்கு நாரையை வெளியே கொண்டுவரப் போவதாக வாரியம் அறிவித்தது. எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. லேத் மெஷினுக்குக்கூட வாழைக்கன்று கட்டிப் பொரி, கடலை வைத்துக் கும்பிடுவோம். நாரைக்கு இரண்டு இறக்கையிலும் வாழைமரம் கட்டினார்கள். கொட்டகையிலிருந்து இழுத்து வரும் வண்டிக்கான டெண்டர் வழக்கில் மாட்டியிருந்ததால், திம்மராயனின் டிராக்டரைக் கேட்டார்கள். உதவி செய்தால் நாளைக்கு நமக்கு உதவும் என்று அவரும் ஒப்புக்கொண்டார். நாரையை முதன்முதலாக நகர்த்தியவர் திம்மராயன் என்பது வாரியத்தின் புத்தகத்தில் இல்லை.

என்ஜின் இன்னும் வெளிநாட்டிலிருந்து வரவில்லை. ஆனால் காற்றாடி சுற்றாமல் பூஜை செய்தால் அபசகுனமாகிவிடுமே. அதனால் உள்ளே இரண்டு சைக்கிளை மாட்டி, இரண்டு இளநிலைப் பொறியாளர்களை மிதிக்கச் சொன்னார்கள். அவர்கள் நன்றாகவே மிதித்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னலில் இரண்டு தலைகள் ஏறி ஏறி இறங்கின. வெள்ளைப் பூசணி சுற்றி உடைத்தார்கள். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, இழுங்க என்றார் ஐயர்.

திம்மராயன் கியர் போட்டார். சக்கரங்கள் எலுமிச்சம்பழத்தின்மேல் ஏறின. ஏறி அங்கேயே நின்றன. பழம் நசுங்கவில்லை. கூட்டம் குனிந்து பார்த்தது. பிளைவுட்டும் தெர்மாக்கோலும்தான் நாரை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இயக்குநர் ஒரு நொடிகூடத் தயங்காமல் மைக்கைப் பிடித்தார்.

"எடை குறைப்பு. உலகத்துல எந்த விமானக் கம்பெனியும் எட்டாத இலக்கு. எலுமிச்சம்பழம் தாங்குற விமானத்தை எவன் செஞ்சிருக்கான், காட்டுங்க பாக்கலாம்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நாரை தரையைவிட்டு எழும்பியது என்று வாரியம் செய்திக்குறிப்பு அனுப்பியது. பொய் என்று சொல்ல முடியாது. ஒரு எலுமிச்சம்பழ உயரம் எழும்பித்தான் இருந்தது. பூஜை முடிந்ததும் ரங்கம்மா அந்தப் பழங்களை எடுத்துவந்து ஊறுகாய் போட்டாள்.

வினை அந்தச் செய்திக்குறிப்பிலிருந்து வந்தது. எழும்பிய விமானம் ஏன் பறக்கவில்லை என்று டில்லியில் யாரோ கேட்டுவிட்டார்கள். பொங்கல் கழிந்ததும் ஒரு மதிப்பீட்டுக் குழு வந்து இறங்கியது. அதன் தலைவி மணிமேகலை, மதுரையில் பிறந்து டில்லியில் பெரிய பதவியில் இருக்கிறவர். குறைவாகப் பேசுகிற அம்மா. இயக்குநர் அறையில் என்ன நடந்தது என்பதைச் சிவராஜ் பிறகு என்னிடம் சொன்னார்.

"ஏன் பறக்கலை?" என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார்.

இயக்குநர் வேர்த்து விறுவிறுத்து, ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறார். ஜன்னல் வழியாகத் தெரிந்தது திம்மராயன் வீடு.

"தரைத்தடை மேடம்."

"அந்த ஒத்தைத் தள வீடா?"

"மேல கம்பி இருக்கு மேடம்."

"வளைஞ்சு கிடக்கே."

"நிமிர வாய்ப்பிருக்கு மேடம்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னாராம்: "யுகாதி முடிஞ்சு நானே நேர்ல வந்து பாக்கறேன். உண்மையிலேயே தடை இருந்தா உங்களுக்குக் கூடுதல் காலம் குடுக்கறோம். இல்லைன்னா வாரியத்தை மூடிடலாம்."

அன்றைக்கு மத்தியானமே இயக்குநரும் சிவராஜும் இனிப்புப் பெட்டியோடு திம்மராயன் வீட்டு வாசலில் நின்றார்கள். நான் அங்கேதான் இருந்தேன். ஹாலில் மாப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தார். ரங்கம்மா உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். ஆகவே அந்தப் பேச்சுவார்த்தை முழுவதும், மாப்பிள்ளையின் காலடியில் வரிசையாகக் குந்தியபடி, கிசுகிசுப்பாகவே நடந்தது.

"பெரியவரே, நீங்க பெரிய மனசு பண்ணி மாடி எடுக்கணும்" என்று கிசுகிசுத்தார் இயக்குநர்.

திம்மராயனுக்குக் காது சரியில்லையோ என்று சந்தேகம். "எடுக்கக் கூடாதுன்னீங்களே சார்?"

"அது அப்போ. இப்ப நீங்க எடுக்கலைன்னா நாங்க அத்தனை பேரும் வீதிக்கு வந்துருவோம். என்.ஓ.சி. கையோட கொண்டாந்திருக்கேன். எத்தனை ஒசரம் வேணும்னாலும் கட்டுங்க. ஒசரமா இருந்தா நல்லது."

"சார், நான் ஒரு ரூம்புதான் கேட்டேன்."

"அண்ணே," என்றார் சிவராஜ். அதுவரை பெரியவரே என்று கூப்பிட்டவர். "ஒரு ரூம் போதாதுண்ணே. தூரத்துல இருந்து பாத்தா தடைன்னு தெரியணும். தண்ணித் தொட்டியும் சேத்துக் கட்டிருங்க."

"யுகாதிக்குள்ள முடியுமா?" என்று ரங்கம்மா கேட்டாள். அவள் கேட்டதற்குக் காரணம் வேறு. சுகுணாவுக்குப் பிரசவத்துக்கு மாசியில் நாள் குறித்திருந்தார்கள்.

"யுகாதிக்குள்ள முடிஞ்சே ஆகணும்மா" என்றார் இயக்குநர். ரங்கம்மாவுக்கு அவர்மேல் முதல்முறையாகப் பிரியம் வந்தது. மாப்பிள்ளை புரண்டு படுத்தார். எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

வேலையை மேஸ்திரி அண்ணாதுரை எடுத்துக்கொண்டார். வருஷக்கணக்காக வளைந்தும் நிமிர்ந்தும் களைத்துப்போன கம்பிகளை வெட்டி, புதுக்கம்பி சேர்த்துக் கட்டினார். சுவர் மளமளவென்று எழுந்தது. வாரியத்து ஆட்கள் காம்பவுண்டுக்கு மேலிருந்து தினமும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பொருள் நேற்று இருந்ததைவிட இன்று உயரமாக இருப்பதை அவர்கள் அதற்குமுன் பார்த்ததில்லை.

தளம் போடுகிற அன்றைக்குத்தான் வம்பு. தமிழ்நாடு, கர்நாடகா எல்லையில் ஏதோ பந்த். கூலியாட்கள் பாதிப்பேர் வரவில்லை. கலவை மெஷின் மட்டும் வந்துவிட்டது. இயக்குநர் தன் விஞ்ஞானிகளை அனுப்பினார். வந்தவர்கள் வேலையைத் தொடவில்லை. பழக்கதோஷம், முதலில் மாடி வடிவமைப்பு மறுஆய்வுக் குழு என்று ஒன்றைப் போட்டு, சென்ட்ரிங் பலகைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். இந்த ரூமில் எத்தனை பேர் தங்குவார்கள் என்று ஒருவர் கேட்டார். மூன்று பேர் என்றார் திம்மராயன். எதிர்காலத் தேவையைக் கருதி ஏழு பேர் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் இன்னொருவர். அப்படியானால் படத்தை மாற்ற வேண்டும் என்று மூன்றாமவர் படச் சுருளை விரித்தார்.

அண்ணாதுரை தலையில் கை வைத்துக்கொண்டார். மெஷினில் கலவை சுற்றிக்கொண்டிருந்தது. ரங்கம்மா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள்.

"ஏம்பா, உங்க விமானம்னா நீங்க பேசி முடிக்கற வரைக்கும் நிக்கும். கலவை நிக்காது. இன்னும் செத்த நேரம் போனா கல்லாயிரும். பேசறவங்கல்லாம் ஆளுக்கொரு கலவைப் பாண்டு கையில வாங்கிட்டுப் பேசுங்க."

குழு அதோடு கலைந்தது. காற்றியக்கத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர் கீழே நின்று பாண்டுச் சட்டியை நிரப்பினார். ஜெர்மனிக்குப் போய்வந்தவர் படிக்கட்டில் நின்று கைமாற்றினார். வெள்ளைச் சட்டையோடு வந்த இயக்குநர் மேலே நின்று வாங்கிக் கொட்டினார். வெயில் சாய்வதற்குள் தளம் போட்டு, மட்டம் அடித்து முடிந்துவிட்டது.

எல்லாரும் கீழே இறங்கிவந்து அண்ணாந்து பார்த்தார்கள். இயக்குநரின் மூக்கிலும் மீசையிலும் சிமெண்டு.

"முடிஞ்சிருச்சா?" என்று அவர் அண்ணாதுரையைக் கேட்டார்.

"முடிஞ்சிருச்சு சார்."

"முழுசாவா?"

"முழுசாத்தான் சார். இனி தண்ணி கட்டணும், அவ்வளவுதான்."

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்துமூன்று வயதில் அந்த வாரியத்தில் சேர்ந்தவர், முடிஞ்சிருச்சு என்கிற வார்த்தையை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறார். எனக்கு அந்த வாரியத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு நானே போய் அவருக்கு முகம் கழுவத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். மறுநாளிலிருந்து காலையில் ஆபீஸ் போகுமுன் அவரே மாடியேறித் தளத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டுப் போனார். திம்மராயன் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

மாசிக் கடைசியில் சுகுணாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. யுகாதிக்குப் பால் காய்ச்சி, மாப்பிள்ளை கட்டிலோடு மேலே குடிபோனார். கீழே ரங்கம்மா குக்கரை ஏற்றிவிட்டு, விசில் வரவர எண்ணாமல் அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் மணிமேகலை அம்மா வந்தார். இயக்குநர், சிவராஜ், குழுவினர் என்று எல்லாரும் அவர் பின்னால் திம்மராயன் வீட்டு மாடிக்கு ஏறினார்கள். மாப்பிள்ளைக்கு அந்த வாரம் பகல் ஷிப்ட், ரூமில் இல்லை. அந்த அம்மா சுவரைத் தட்டிப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டியை அண்ணாந்து பார்த்தார். ரங்கம்மா கொடுத்த ஒப்பட்டில், எங்கள் பக்கத்துப் போளி அது, பாதியைச் சாப்பிட்டார்.

"நல்ல உறுதியான தடை. ஒத்துக்கறேன்" என்றார்.

இயக்குநர் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. அந்த அம்மா குழந்தையை ஒருமுறை கொஞ்சிவிட்டு, மேற்கு ஜன்னலைத் திறந்து ஓடுபாதையைப் பார்த்தார். கெலவரப்பள்ளி அணைப் பக்கமாகப் பச்சை தெரிந்தது.

"ஓடுபாதையோட அந்தக் கோடியில என்ன இருக்கு?"

"ராகிக் கொல்லை மேடம்" என்றார் சிவராஜ்.

"வீடு?"

"இல்லை மேடம்."

"அப்போ விமானம் அந்தப் பக்கமா கிளம்பட்டுமே."

குழந்தைகூடக் கொட்டாவி விடுவதைப் பாதியில் நிறுத்தியது. இயக்குநர் மெதுவாகச் சொன்னார்: "மொதல் தலைவர் வாஸ்து பாத்தார் மேடம். நல்ல காரியம் கிழக்க பாத்துத்தான் ஆரம்பிக்கணும்னு..."

"வாஸ்துன்னு எல்லாம் நான் அறிக்கையில எழுத முடியாது" என்றார் அந்த அம்மா. "இந்த வீடு இருக்கட்டும், இனி இதுக்குக் கட்டுப்பாடு எதுவும் வேண்டாம். மேற்கே பறந்துக்குங்க. அடுத்த யுகாதிக்கு வந்து பாக்கறேன்."

மிச்சம் பாதி ஒப்பட்டையும் சாப்பிட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

திம்மராயனுக்குக் கால் தரையில் இல்லை. இனி யாரும் வந்து இடி என்று சொல்ல முடியாது. மகளும் பேத்தியும் எங்கேயும் போக மாட்டார்கள். இவ்வளவு சந்தோஷம் அவர் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. ஆனால் இயக்குநர் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். தொண்ணூறு சீட்டு, பிளைவுட், இரண்டு சைக்கிள், ஒரு வருஷம். அவரைப் பார்த்துத் திம்மராயன் தன் சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வீட்டுக்குத் தண்ணீர் கட்டிய மனுஷனாயிற்றே.

"விடுங்க சார். பறக்க வெச்சிரலாம்" என்றார்.

இயக்குநர் அவரை விநோதமாகப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அண்ணே, அந்த மேற்குப் பக்கம் உங்க சொந்தக்காரங்க யாருக்காச்சும் வீடு கட்டற எண்ணம் இருக்கா?"

திம்மராயன் யோசிப்பதற்குள் உள்ளேயிருந்து ரங்கம்மா பதில் சொன்னாள். "எந்தம்பி ராமப்பனுக்கு அங்கதான் கொல்லை. வூடு கட்டணும்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்கறான். ஆனா அவன் ஆசை புடிச்சவன் சார், மூணு மாடி கேப்பான்."

"கேக்கட்டும்மா, கேக்கட்டும்" என்று எழுந்துவிட்டார் இயக்குநர். முகத்தில் பழைய களை வந்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலமே சிவராஜ் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மேற்கே புறப்பட்டார். வாரியத்திலிருந்து அந்தத் திசையில் கிளம்பிய முதல் பயணம் அதுதான். ஸ்கூட்டரில் போனார்.